ஏழு தொப்பி, ஒரே காவல்காரி

பசிலியா தார்க்கியின் உதடு ஊதா நிறமாக மாறி வெகுநாள் ஆகியும் யாரும் அதை வியாதி என்று நினைக்கவில்லை. அவள் விற்பதே ஊதா நிறக் கஞ்சிதான். ஊதாச் சோளத்தை அரைத்து, பட்டையும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்து, விடிகாலைக் குளிரில் ஆவி பறக்க ஊற்றிக் கொடுக்கும் ஆப்பிக் கஞ்சி. எல் ஆல்ட்டோ சந்தையில் பாதிப் பேருக்கு அது தொண்டையில் இறங்காமல் கண் திறக்காது. விற்கிறவள் ருசி பார்க்காமலா இருப்பாள், உதட்டில் ஒட்டத்தானே செய்யும் என்று எல்லாரும் சும்மா இருந்துவிட்டார்கள். அவளும் அப்படித்தான் இருந்தாள்.

ஒருநாள் கஞ்சிப் பானையோடு சந்தைப் படியேறும்போது தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கடைக்காரி குமெர்சிந்தா ஓடிவந்தாள். உருளைக்கிழங்கு விற்கிறவள். கிழங்கை எடைபோடும் வேகத்திலேயே மனிதர்களையும் எடைபோட்டு வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறவள். சால்வை நுனியைத் தண்ணீரில் நனைத்து பசிலியாவின் உதட்டை அழுத்தித் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். நிறம் போகவில்லை.

"அடியே, இது கஞ்சி இல்லடி," என்றாள். "இது நீதான்."

அப்படித்தான் பசிலியா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எங்கள் ஊரின் அமைப்பே கொஞ்சம் கிறுக்குத்தனமானது. மற்ற ஊர்களில் கையில் காசு சேரச் சேர மேட்டுக்குப் போவார்கள். இங்கே பள்ளத்துக்குப் போவார்கள். மேலே, மரம்கூட முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பொட்டல் வெளியில் எல் ஆல்ட்டோ. அங்கே நாங்கள். கீழே கிண்ணத்துக்குள் லா பாஸ் நகரம். கிண்ணத்தின் அடியில், ரோஜா பூக்கிற தெற்குப் பக்கத்தில், பணம். காற்றும் பணத்தோடு சிநேகம் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. எங்களுக்கு மிஞ்சியது மெலிந்த காற்றும் நல்ல காட்சியும்தான்.

டாக்டர் ஃபேபியான் சலினாஸ் வீடு தெற்குப் பக்கம். தினமும் கேபிள் காரில் மேலே வந்து வைத்தியம் பார்ப்பார். நல்ல பிள்ளை. ஆனால் மேலே வந்ததும் அவருக்கே மண்டை இடிக்கும். மேசைக்கு அடியில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை ஒளித்து வைத்திருப்பார். நோயாளி சட்டை பட்டனைப் போடும் நேரத்தில் குனிந்து ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வார். அது சந்தைக்கே தெரியும். யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

"உங்க ரத்தம் ரொம்பக் கெட்டியாயிருச்சும்மா," என்றார் அவர். "மேல காத்துல ஆக்சிஜன் கம்மி. உடம்பு பயந்துபோய் ரத்தத்தை மேல மேல உண்டாக்கிட்டே இருக்கு."

"நல்லதுதானே தம்பி? ஊர்ல எல்லாரும் ரத்தம் இல்லேன்னுதானே அழறாங்க?"

"அளவுக்கு மீறிப்போச்சு. கஞ்சி மாதிரி இருக்கு."

"கஞ்சின்னா எனக்குத் தெரியும். ரெண்டு டம்ளர் தண்ணி விட்டா சரியாயிரும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கொஞ்சம் ரத்தத்தை எடுத்துவிடலாம், ஆனால் சீக்கிரமே திரும்ப ஊறிவிடும் என்றார். மாத்திரை இருக்கிறது, அது பாதிக் கிணறுதான் தாண்டும் என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உண்மையான மருந்து ஒண்ணுதான். கீழ போய் இருக்கணும்."

"கீழன்னா எங்க தம்பி?"

"தெற்குப் பக்கம். எங்க வீட்டுப் பக்கம்னு வச்சுக்கங்களேன்."

"உங்க வீட்ல இடம் இருக்கா?"

டாக்டரின் காது சிவந்துபோனது. அவர் காதுக்கு அந்த அளவு ரத்தம் இருந்தது. பசிலியாவுக்கே பாவமாகிவிட்டது.

"சரி, அத விடுங்க. ஜூலை மாசம் கார்மேல் மாதா திருவிழால நான் ஆடணும். ஆடலாமா?"

"கூடாது. இந்த ரத்தத்தோட அத்தனை அடுக்குப் பாவாடையக் கட்டிட்டு, அத்தனை தூரம் ஆடினா, எங்கயாவது அடைச்சுக்கும். தெருவுலயே விழுவீங்க. எழுந்திருக்க மாட்டீங்க."

பசிலியாவின் முகத்தில் அதுவரை இருந்த விளையாட்டு போய்விட்டது. மகன் ரூபேன் ஓட்டிய பஸ் யுங்காஸ் மலைப்பாதையில் உருண்டபோது, அவனை உயிரோடு கொடுத்தால் மூன்று வருஷம் திருவிழாவில் மொரெனாடா நடனம் ஆடுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டவள் அவள். மாதா பிள்ளையைக் கொடுத்தாள். ஒரு பல்லும் கொஞ்சம் திமிரும் தவிர அவனுக்கு எதுவும் குறையவில்லை. இரண்டு வருஷம் ஆடியாகிவிட்டது. இது மூன்றாவது. நேர்ச்சையில் பாக்கி வைத்தால் அப்புறம் எந்த முகத்தோடு மாதா முன்னால் போய் நிற்பது?

"ரத்தம் இளகினா?" என்று கேட்டாள்.

"திருவிழாவுக்கு முந்தி ஒரு தடவை சோதிச்சுப் பாக்கலாம். இளகியிருந்தா நானே மாலை போட்டு அனுப்பறேன்."

மருந்து கீழே இருக்கிறது என்றால் கீழே போய்ச் சாப்பிட வேண்டியதுதானே! மறுநாளே பசிலியா கஞ்சி விற்று முடித்துவிட்டு, மஞ்சள் தடத்துக் கேபிள் காரில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு மாறி, தெற்குப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சில் நிமிர்ந்து, வாயைப் பிளந்து, காற்றை உள்ளே இழுத்தாள். நாய்களை நடத்திக்கொண்டு போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி வந்துவிட்டான்.

"இங்க என்னம்மா பண்றீங்க?"

"மருந்து சாப்பிடறேன்."

"எங்க மருந்து?"

"மூக்கு வழியா உள்ள போய்ட்டிருக்கு. பேச வைக்காத, சிந்திரும்."

கீழே இறங்கும் அவளுடைய கேபிள் பெட்டியும், மதிய டியூட்டிக்கு டாக்டர் ஏறும் பெட்டியும் சில நாள் நடுவானத்தில் எதிரெதிரே வரும். அவர் ஒருபக்கம் தலையைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். இவள் ஒருபக்கம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கீழே போவாள். இருவரும் கையாட்டிக்கொள்வார்கள். ஒருவர் வீட்டை ஒருவர் மாற்றிக்கொண்டால் இந்த அலைச்சலே இல்லையே என்று பசிலியாவுக்குத் தோன்றும். சொல்லி அவர் மனதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவாள்.

ஆனால் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "பகல்ல உட்கார்ந்தா மட்டும் போதாதும்மா. தூங்கறப்பதான் உடம்பு காத்துக்கு ரொம்பத் தவிக்கும். கீழ படுத்துத் தூங்கணும்."

தெற்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் படுத்துத் தூங்க இரண்டே வழி. ஒன்று, வேலைக்காரியாகப் பின்கட்டு அறையில். இரண்டு, காவலுக்கு. பாதி கட்டி நிற்கிற வீட்டை யாராவது உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஏழைப்பட்ட ஆள் ஒருவரை அதில் குடிவைப்பது இங்கே வழக்கம். குமெர்சிந்தாவின் கொழுந்தன் கொத்தனார். அவன் கட்டிக்கொண்டிருந்த மாளிகை ஒன்று பாதியில் நின்றிருந்தது. முதலாளி தொன் லிசாந்த்ரோ உர்கிதி மயாமியில் இருந்தார். கட்டுகிற ஆசை வரும்போது கட்டுவார், மற்ற நேரம் மறந்துவிடுவார். காவலுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். பெண்ணாக இருக்க வேண்டும், ஒருத்தியாக இருக்க வேண்டும், பிள்ளையும் நாயும் கூடாது.

"பொம்பளையும் ஆச்சு, ஒருத்தியும் ஆச்சு," என்றாள் குமெர்சிந்தா. "போய்ப் படுடீ!"

அந்த வீட்டைப் பார்த்து பசிலியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐந்து குளியலறை, ஒன்றில்கூடத் தண்ணீர் கிடையாது. பளிங்குப் படிக்கட்டு ஒன்று கம்பீரமாக வளைந்து மேலே போய், கூரையில்லாத மாடியில் வானத்தைப் பார்த்து முடிந்தது. கீழ்த்தளத்துக்கு மட்டும் மேற்கூரை போட்டிருந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். கூடத்தின் மூலையில் கம்பளியை விரித்துப் படுத்தாள்.

காலையில் எழுந்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று யோசித்தாள். காதுக்குள் வருஷக்கணக்காகக் குடியிருந்த வண்டின் ரீங்காரம்! அதைக் காணோம். மண்டை இடிக்கவில்லை. எழுந்து நின்றாள், மூச்சு வாங்கவில்லை. படிக்கட்டில் ஏறினாள், வாங்கவில்லை. இறங்கி மறுபடி ஏறினாள். மாடியில் வானத்தடியில் நின்று, ஒரு சொட்டுக் குடிக்காமலே குடித்தவள் மாதிரி சுற்றினாள். எதிர்வீட்டு அம்மாள் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பது தெரிந்ததும் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டாள். முதல் கேபிள் காரைப் பிடித்து மேலே வந்து கஞ்சி ஊற்றியபோது, வாடிக்கைக்காரர்களுக்கு அன்று கரண்டி தாராளமாகவே சாய்ந்தது.

"என்னடி, புதுசா கல்யாணம் ஆனவ மாதிரி மினுக்கறே?" என்றாள் குமெர்சிந்தா.

"தூங்கினேன்க்கா. அவ்வளவுதான். தூங்கினா இப்படி இருக்கும்னு ஒருத்தியும் எனக்குச் சொல்லவே இல்லையே!"

குமெர்சிந்தா சால்வை நுனியை நனைத்தாள். அன்று சந்தை முழுக்க அதே வேலைதான். அங்கே விற்கும் பெண்களில் பலரும் ஒரே மொரெனாடா குழு. ஒவ்வொருத்தி உதட்டையும் பிடித்துத் துடைத்தாள். சாயம் போனவளை விட்டாள், போகாதவளை ஓரமாக நிற்கவைத்தாள். ஓரத்தில் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் பசிலியா அந்தச் சால்வையைப் பிடுங்கி குமெர்சிந்தாவின் உதட்டையே துடைத்தாள். அவள் ஓயாமல் மெல்லும் கோக்கா இலையின் பச்சைக்கறை போனது. அடியில் ஊதா பத்திரமாக இருந்தது.

"நாசமாப் போச்சு," என்றாள் குமெர்சிந்தா. சால்வையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு தானும் ஓரமாகப் போய் நின்றாள்.

ஒவ்வொருத்தியாகக் கீழே வந்து சேர்ந்தார்கள். ஐந்து குளியலறைக்கு ஐந்து பேர், கூடத்தில் இருவர், ஆக ஏழு. வெளிநாட்டிலிருந்து வந்த குளியல் தொட்டிக்குள் ஆட்டுத்தோலைப் போட்டுக் குமெர்சிந்தா கால்நீட்டிப் படுத்தாள். இந்தத் தொட்டியில் தண்ணீர் விட்டு வீணாக்குகிறார்களே, எத்தனை அருமையான கட்டில் என்று அங்கலாய்த்தாள்.

எட்டாவதாக வந்து நின்றவள் ஹுஸ்தா. பனியில் காயவைத்த கிழங்கைக் கூடையில் விற்கிறவள். எல்லாரிலும் கறுத்த உதடு அவளுடையதுதான். ஆனால் வீட்டில் கூரைக்கு அடியில் இடம் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் அக்கம்பக்கம் விழித்துக்கொள்ளும். பசிலியாதான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"இடம் இல்லடி ஹுஸ்தா."

"பரவால்லக்கா," என்று ஹுஸ்தா சிரித்தாள். "நான் பெருமூச்சு விட்டே சமாளிச்சுக்குவேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் சரிவில் நின்று நின்று ஏறிப் போவதைப் பார்த்தபோது பசிலியாவுக்கு நெஞ்சு வலித்தது. அன்று இரவும் அவள் நன்றாகத்தான் தூங்கினாள். அதுவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அக்கம்பக்கத்தைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். குழுவின் சால்வை எல்லாருக்கும் ஒரே பச்சை, பாவாடை ஒரே ரோஜா நிறம், வட்டத்தொப்பியும் ஒரே பழுப்பு. காலையில் ஒருவர் பின் ஒருவராக, போதிய இடைவெளி விட்டு வெளியேறுவார்கள். எதிர்வீட்டு அம்மாள் மயாமிக்குப் போன் போட்டுச் சொன்னாளாம்: "உங்க காவல்காரி மாதிரி உழைப்பாளிய நான் பாத்ததே இல்ல. ஒரே காலையில ஏழு தடவை வெளிய போறா. திரும்பி வர்றத மட்டும் நான் பாக்கறதே இல்ல, அவ்வளவு சுறுசுறுப்பு!"

மயாமிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட காவல்காரியை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது போலிருக்கிறது.

திருவிழா நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புது உடுப்பு தைத்து வந்திருந்தது. ஏழு பேரும் கூடத்தில் வரிசை கட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சால்வை, ஒரே பாவாடை, ஒரே தொப்பி, ஒரே கிலுகிலுப்பை. முதல் வரிசை நடுவில் பசிலியா. அவள் இடதுபுறம் சாய்ந்தால் மற்ற ஆறும் இடதுபுறம் சாயும், அவள் சுழன்றால் ஆறும் சுழலும். இரண்டு வருஷமாகச் சேர்ந்து ஆடி ஆடி ஏறிய பழக்கம்.

கதவைத் தள்ளிக்கொண்டு தொன் லிசாந்த்ரோ உள்ளே வந்தார்.

அவர் நின்ற நிலையே சரியில்லை. விமான நிலையம் எங்கள் மேட்டில்தான் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து நேராக அங்கே வந்து இறங்கியிருக்கிறார். நான் இந்த ஊரில் பிறந்தவன், என்னை உயரம் என்ன செய்யும் என்று மார்தட்டி, சொந்தக்காரர்களோடு வயிறுமுட்டச் சாப்பிட்டு, அதன்மேல் மூன்று கிளாஸ் ஊற்றியிருக்கிறார். முகம் வெளுத்து, வேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பசிலியாவின் கண் முதலில் மூலையில் கிடந்த கம்பளிக்குப் போனது. துரத்திவிட்டால் படுக்கை போகும். படுக்கை போனால் ரத்தம் மறுபடி கெட்டியாகும், நேர்ச்சை போகும்.

"யார்... யார் இத்தனை பேர்?" என்றார் அவர்.

"எத்தனை பேர் ஐயா?" என்றாள் பசிலியா. யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது.

"ஆறு... இல்ல, ஏழு."

"நான் ஒருத்திதானே ஐயா இருக்கேன்."

தொன் லிசாந்த்ரோ கண்ணைக் கசக்கினார். பசிலியா வலது கையை நெஞ்சில் வைத்தாள். ஏழு வலது கைகள் ஏழு நெஞ்சுக்குப் போயின. அவள் கவலையோடு தலையைச் சாய்த்தாள். ஏழு தொப்பிகள் சாய்ந்தன. அவர் சுவரை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"உசரம் ஐயா," என்றாள் பசிலியா. "புதுசா வர்றவங்களுக்கு இப்படித்தான், ஒண்ணு பலதாத் தெரியும். தெருவுல ஒரு நாய் வந்தா நாய்க்கூட்டம் வருதுன்னு ஓடுவாங்க."

"நான் புதுசு இல்ல! இந்த ஊர்க்காரன்!"

"ஊர்க்காரர்தான். ரத்தம் மறந்துபோச்சு."

அந்த நேரம் பார்த்து மூன்றாவதாக நின்ற குமெர்சிந்தாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கப் பார்த்தாள், உடம்பு குலுங்கி அவள் தொப்பி மட்டும் கழன்று தரையில் உருண்டது.

"அதோ! அந்தத் தொப்பி மட்டும் விழுந்துச்சே!"

பசிலியா அசரவில்லை. தன் தொப்பியைத் தட்டிவிட்டாள். அடுத்த நொடி மீதி ஐந்தும் தொப் தொப்பென்று விழுந்தன.

"ஆமாய்யா, என் தொப்பி விழுந்துருச்சு," என்றாள்.

தொன் லிசாந்த்ரோ சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். ஒருத்தி கோக்கா இலைத் தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி காலைத் தேய்த்தாள், ஒருத்தி தொப்பியால் விசிறினாள். "ஒருத்தியே எத்தனை வேலை பண்றே!" என்று அவர் முனகினார். அவருடைய நகம் நீலமாகிக்கொண்டு வந்ததும் பசிலியாவுக்கு விளையாட்டுப் போய் நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி டாக்டர் சலினாஸ் வீடு. ஆள் அனுப்பினாள்.

டாக்டர் சிலிண்டரோடு ஓடிவந்தவர் வாசலில் நின்றுவிட்டார். கூடத்தைப் பார்த்தார். குளியலறைக் கதவுகளில் தொங்கிய கம்பளிகளைப் பார்த்தார். ஏழு முகத்தையும், அந்த ஏழு முகத்தில் இளஞ்சிவப்பாகிக்கொண்டிருந்த ஏழு உதட்டையும் பார்த்தார். முதலில் நோயாளியின் மூக்கில் குழாயை மாட்டினார்.

"டாக்டர், உண்மையச் சொல்லுங்க," என்று தொன் லிசாந்த்ரோ அவர் கையைப் பிடித்தார். "இங்க எத்தனை பொம்பளைங்க இருக்காங்க?"

பசிலியா டாக்டரைப் பார்த்தாள். மற்ற ஆறு பேரும் பார்த்தார்கள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒருத்திதான்."

"அப்ப எனக்கு..."

"உயரம் ஒத்துக்கலங்க. மருந்து ஒண்ணுதான். கீழ போயிரணும். இன்னைக்கே."

"அவ்வளவுதானா?" என்றார் தொன் லிசாந்த்ரோ. முகம் தெளிந்துவிட்டது. படுத்தபடியே போனை எடுத்தார். "சான்டா குரூஸுக்கு சாயங்காலம் ஒரு சீட்டு... ஆமா, சமவெளிக்கு... ஆக்சிஜனோட ஒரு வண்டியும் அனுப்பு. அங்க மச்சான் வீடு இருக்கு, நாலு நாள் இருந்துட்டு கிளம்பிடுவேன்." போனை வைத்தார். "முடிஞ்சுது."

பசிலியா அந்தப் போனையே பார்த்தாள். அதே டாக்டர், அதே வாய், அதே மருந்து. தனக்கு அதற்காகப் பூங்கா பெஞ்சும் அடுத்தவர் குளியலறையும் பொய்யும் தேவைப்பட்டது. இவருக்குத் தரையில் படுத்தபடியே கிடைத்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. நோயில் கிடக்கிற மனுஷன்மேல் கோபப்படுகிறோமே என்று அந்தக் கோபத்தின்மேலும் கோபம் வந்தது.

கிளம்பும்போது தொன் லிசாந்த்ரோ அவள் என்று நினைத்துக் குமெர்சிந்தாவின் தோளைத் தட்டினார். "நான் இந்தப் பக்கமே இனி வரமாட்டேன். வேலை அப்படியே நிக்கட்டும். நீ இரு. பாவம், இவ்வளவு பெரிய வீட்ல தனியா இருக்கியே, பயமா இல்லையா?"

"கூட்டமா இருக்கற மாதிரியேதான் இருக்கும் ஐயா," என்றாள் குமெர்சிந்தா.

"உன் முகத்த ஞாபகம் வச்சுக்கணும்னு பாக்கறேன், முடியல. தப்பா எடுத்துக்காத, தொப்பியப் போட்டா நீங்க எல்லாரும் எங்களுக்கு ஒரே மாதிரிதான்."

"தெரியுங்க ஐயா," என்றாள் பசிலியா பின்னாலிருந்து.

வண்டி போன பிறகு அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பில் ஜன்னல் பிளாஸ்டிக் படபடத்தது. டாக்டரும் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அடுத்த வாரம் ஏழு பேரும் ரத்தம் சோதிக்க வாங்க," என்றார்.

பசிலியாவின் ரத்தம் இளகியிருந்தது. டாக்டர் மாலை போடவில்லை, அதற்குப் பதில் கைகுலுக்கினார். "ஆடுங்க. ஆனா மேல திரும்பிப் போய்ப் படுத்தீங்கன்னா மறுபடி ஏறிடும். ஞாபகம் இருக்கட்டும்."

ஜூலையில் அவள் ஆடினாள். ஆட்டம் என்றால் அது ஆட்டம்! பித்தளை வாத்தியங்கள் தெருவையே தூக்கிப் போட்டன. பாவாடைகள் சுழன்று சுழன்று ரோஜா நிறம் தெருவில் வழிந்தது. கிலுகிலுப்பைகள் கிறீச்சிட்டன, பியர் நுரை பறந்தது, ரூபேன் ஓரமாக ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு கூடவே ஓடிவந்தான். மற்ற வருஷங்களில் பாதி வழியிலேயே கண் இருட்டும். இந்த வருஷம் மூச்சு வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் அழுத்தி ஆடினாள்.

கோயில் கோபுரம் தெரிந்தபோது ஓரத்தில் ஹுஸ்தாவைப் பார்த்தாள். கூடையை வைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தாள். "பசிலியாக்கா! பசிலியாக்கா!" பிறகு கைதட்டல் நின்றது. ஹுஸ்தா நெற்றியைப் பிடித்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள். வெறுமனே கைதட்டியதற்கே அந்த மூச்சுவாங்கல்.

நேர்ச்சை ஆட்டத்தை நடுவில் நிறுத்தக் கூடாது. பசிலியா அழுதுகொண்டே ஆடினாள். வாசல்வரை ஆடி, மாதாவின் முன் முழந்தாளிட்டு, மகனுக்காக நன்றி சொல்லி, மூன்றாவது வருஷத்தை முடித்தாள்.

கோயில் முற்றத்தில், திருவிழாவை ஏற்று நடத்தியவர் தன் தோளில் அணிந்திருந்த துணிப் பட்டையை அடுத்த வருஷம் நடத்தப்போகிறவருக்கு மாட்டிவிடுகிற நேரம். தலைமேல் வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவி, கட்டித் தழுவி, பொறுப்பைக் கைமாற்றுவார்கள். இந்த வருஷம் உன்னுடையது, அடுத்த வருஷம் இன்னொருத்தருடையது. யாரும் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. பசிலியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹுஸ்தாவிடம் போனாள். கழுத்திலிருந்து அந்த மாளிகையின் சாவிக் கயிற்றைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். ஒரு பிடி காகிதத் துணுக்கை அவள் தலையில் தூவினாள்.

"இனி உன் முறை."

"என்னக்கா இது? அப்ப நீங்க?"

"என் நேர்ச்சை முடிஞ்சுது. நீ தொப்பிய மட்டும் நேராப் போட்டுக்க. முகத்தப் பத்திக் கவலையே இல்ல, அவங்க பாக்க மாட்டாங்க."

குமெர்சிந்தா பாய்ந்து வந்தாள். "அறிவிருக்காடி உனக்கு? உன் ரத்தம் என்னாகும்?"

"கெட்டியாகும். ஆனா மறுபடி வரிசையில நிப்பேன்."

"முட்டாளே! நான் குடுத்திருக்க மாட்டேன் தெரியுமா?"

"தெரியும்க்கா. அதனாலதான் சாவிய உங்ககிட்ட வச்சுக்கச் சொல்லல."

குமெர்சிந்தா அவளைத் திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்து அழுதாள். அந்த அழுகையிலும் திட்டு நிற்கவில்லை.

அந்த வாரம் எதிர்வீட்டு அம்மாள் மயாமிக்குப் போன் போட்டு, உங்கள் காவல்காரி கொஞ்சம் குள்ளமாகிவிட்டாள் என்றாளாம். இந்த உயரத்தில் எதுவும் நடக்கும் என்று தொன் லிசாந்த்ரோ ஆறுதல் சொன்னாராம்.

பசிலியா மேட்டில் தன் வீட்டில் படுக்கிறாள். கஞ்சி விற்கிறாள். தினமும் முதல் கேபிள் காரில் குமெர்சிந்தா ஏறி வருகிறாள். நன்றாகத் தூங்கிய முகம். வந்ததும் கூடையை இறக்குவதற்கு முன்னால் சால்வை நுனியை நனைத்து, பசிலியாவின் தாடையைப் பிடித்து, உதட்டை அழுத்தித் துடைக்கிறாள். துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்வரை இருவரும் மூச்சு விடுவதில்லை. துணியில் ஊதா ஒட்டியிருக்கிறது.

"கஞ்சிதான்டி," என்கிறாள் குமெர்சிந்தா. "இன்னைக்குக் கஞ்சிதான்."